நம்பர சேவ் பண்ண வைக்கிறதுதான் வேலையே

திருப்பூர்ல சின்ன பனியன் யூனிட்காரங்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் எல்லாம் செட் பண்ணிக் குடுக்கறதுதான் என் பொழப்பு. போன மாசம் ஒரு அண்ணா வந்தாரு. குழந்தைங்க துணி தைக்கறாரு, தையல்ல ஒரு குறை சொல்ல முடியாது. "தொழில் குரூப்ல தெனமும் போடறனுங்க, ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்"னாரு. போனை வாங்கிப் பாத்தேன். டிபில நடிகர் படம், பேரு இருக்கற எடத்துல ஏதோ பட்டப்பேரு, காலைல ரோஜாப்பூ குட்மார்னிங், மத்தியானம் ஒரே மூச்சுல நாப்பது போட்டோ. இந்த நம்பர யாரு சேவ் பண்ணுவா?

அந்த சேவ்லதான் விஷயமே இருக்கு. ஒரே மெசேஜ நிறைய பேருக்கு தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர சேத்துட்டேன்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா உங்க நம்பர தன் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், மீதிப் பேருக்கு நீங்க அனுப்பினதே தெரியாது.

அதனால மொத மெசேஜ்ல கஞ்சத்தனம் வேண்டாம். "ஹாய்"னு மட்டும் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கறதும், முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு மூணு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பறதும் வேலைக்கே ஆகாது. யாரு, எந்த ஊரு, நம்பர் எங்க கிடைச்சது, என்ன தைக்கறீங்க, துணி எத்தன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிராம் எடை), குறைஞ்சது எத்தன பீஸ், சாம்பிளுக்கு எத்தன நாள். நாலு வரில முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, இதச் சொன்னா நிறைய பேர் கோவிச்சுக்கறாங்க. வேற பையருக்கு, அதாவது ஆர்டர் குடுக்கற கம்பெனிக்கு, தச்ச பீஸ அவங்க லேபிளோடவே போட்டோ எடுத்து "எங்க தயாரிப்பு"ன்னு போடறது. உங்களுக்கு அது பெருமையா இருக்கும், பாக்கற மெர்ச்சண்டைசருக்கு (கம்பெனி சார்பா ஆர்டர் பாத்துக்கறவரு) வயித்தக் கலக்கும், இன்னிக்கு அவங்க டிசைன் குரூப்ல சுத்துது நாளைக்கு நம்மளுது சுத்தாதான்னுதான் யோசிப்பாரு, அதுவும் கடைக்கே இன்னும் வராத டிசைனா இருந்துட்டா இருக்கற ஆர்டரும் போச்சு. கூகுள்ல சுட்ட படமும் வேண்டாம், படத்த வச்சே தேடற கூகுள் லென்ஸ்ல போட்டா எங்க சுட்டதுன்னு வந்துரும். சொந்தமா ஒரு சாம்பிள் தச்சு, ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சு, உள்பக்கம் திருப்பி ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாம போடற தையல், தெரியற மாதிரி ஒரு படம் எடுங்க. தொழில் தெரிஞ்சவங்க மொதல்ல பாக்கறதே உள்பக்கத்தத்தான்.

அப்புறம் பேரு. குரூப்ல ஒண்ணு, கூகுள் மேப்ல ஒண்ணு, பில்லுல வேறொண்ணுன்னு வச்சிருக்காதீங்க. அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி விவரமான ஆளுங்க உங்க 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர போர்ட்டல்ல தட்டிப் பாத்துருவாங்க, லாகின்கூட வேண்டாம், பேரு, டிரேடு நேம்ங்கற தொழில் பேரு, நம்பர் உயிரோட இருக்கா ரத்தாயிருச்சான்னு எல்லாமே தெரியும்.

அந்த அண்ணா டிபிய அன்னிக்கே மாத்திட்டாரு, இப்ப அதுல நடிகருக்குப் பதிலா அவரு யூனிட் மிஷின் வரிசை படம் இருக்கு. ஆனா கிளம்பறப்ப வாசல்ல நின்னு, "அந்த குட்மார்னிங்காச்சும் போட்டுக்கட்டுங்களா?"ன்னாரு.

சொந்தக்காரங்க குரூப்ல போட்டுக்கங்கண்ணான்னு சொல்லி அனுப்பிட்டேன்.