கயாக் ஏறுமுன் தண்ணீர் குடியுங்கள்

சென்ற சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் கடும் வலி. சலக்கடுப்பு மூன்று நாளாக இருந்திருக்கிறது. விடியற்காலையில் யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் கண்டல் காடுகளுக்கிடையே கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டியவர், மறுநாள் தனியாகவே பஸ் ஏறித் திருகோணமலை போய், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் அவர் குடித்தது ஒரு சிறிய போத்தல் தண்ணீர்.

"கூடக் குடித்தால் இடையில் எங்கே போவது, டொக்டர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நம் இறங்குதுறைகளில் ஒரு பெண் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆண் ஓரமாக ஒதுங்கிவிடுகிறான். பெண் வீட்டை விட்டுப் புறப்படும்போதே தாகத்தை அடக்கப் பழகிவிடுகிறாள். இப்படி வருகிறவர்களிடம் 'தனியாக ஏன் போனாய்' என்று உறவினர்கள் கேட்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் குடித்தாளா என்று கேளுங்கள்.

கயாக்கில் வியர்ப்பதே தெரியாது. கடற்காற்று உடனுக்குடன் உலர்த்திவிடும், துடுப்பிலிருந்து தெறிக்கும் நீர் குளிர்ச்சியாக இருக்கும். உடலோ வற்றிக்கொண்டே போகும். பெண்ணின் சலவழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். கிருமிகள் எளிதில் மேலேறிவிடுகின்றன. அடிக்கடி சலம் கழிப்பதுதான் அவற்றைக் கழுவி வெளியேற்றும். அடக்கினால் அவை சலப்பைக்குள்ளேயே பெருகி, சிலருக்குச் சிறுநீரகம் வரை போய்விடும். அந்த ஆசிரியைக்கு நடந்தது அதுதான்.

இப்படி வற்றிய உடலோடு வெந்நீருக்குப் போனால் இன்னொரு சிக்கல். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும்; சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றித்தான் குளிக்கிறோம் என்பதால் ஆபத்து குறைவு. வெளிநாடுகளில் வெந்நீர்த் தடாகங்களில் அமிழ்ந்திருப்பவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அப்படி அமிழ்வதே வேண்டாம். நியூசிலாந்தின் இயற்கை வெந்நீர்க் குளங்களில் தலையை நீருக்குள் அமிழ்த்தக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடிய ஓர் அமீபாவே காரணம்.

ஆகவே ஒரு பைக்கற் ஜீவனியை, அதாவது நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூளை, ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோங்கள். ஏறுமுன் குடியுங்கள், வழியிலும் வாய் வாயாகக் குடியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். மாதவிடாய் நாளில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள், தாராளமாகப் போகலாம்.

சோளகம் மதியத்துக்குப் பின் வலுக்கும். காலையிலேயே போய், முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். மீன் பிடிக்கக் கடலில் தடி நட்டுக் கட்டியிருக்கும் களங்கண்ணி வலைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கியைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

ஆழம் குறைந்த இடத்தில் இறங்கினால் காலைச் சேற்றில் உரசியபடி நடங்கள், திருக்கை விலகிப் போகும். அதன் முள் குத்திவிட்டால் அங்கே வெந்நீர்தான் முதலுதவி. பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருங்கள். சூட்டைக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு ஆசுபத்திரிக்கு வாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

சலக்கடுப்போடு காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் மூன்று நாள் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள்.