அரியர் – நிலுவை

தமிழ்நாட்டுக் கல்லூரி வகுப்பறையில் பிள்ளைகளின் மனதை அதிகம் அழுத்தும் சொல் எது என்று கேட்டால், 'அரியர்' என்பேன். பருவத் தேர்வில் தேறாமல் திரும்ப எழுத வேண்டிய தாளுக்கு இது பெயர். கேரளத்திலும் ஆந்திரத்திலும் இதையே 'சப்ளி' என்பார்கள்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ரெட்ரோ' என்றால் பின்னால். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, உரிய காலத்தில் கட்டாமல் பின்தங்கிய வரி, வாடகை, கடனைக் குறிக்கும் கணக்குச் சொல்லாகிவிட்டது. அரசு ஊழியருக்கு அரியர் என்றால் மகிழ்ச்சி. அகவிலைப்படி உயர்வை முன்தேதியிட்டு அறிவித்தால், சேர்ந்த தொகை 'டிஏ அரியர்' என்று கைக்கு வரும். அப்பாவுக்கு வரும் அரியரைக் கொண்டாடும் வீட்டில்தான் மகன் தன் அரியரை மறைத்து வைக்கிறான்.

சொல்லுக்குள் இருப்பது பாக்கி மட்டும்தான். ஆளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு முடிவிலும் அந்தத் தாளுக்கு நேரே 'ஆர்ஏ' என்று போடுவார்கள், மீண்டும் எழுத வேண்டும் என்ற பொருளில். வகுப்பறையில்தான் அது ஆள்மேல் ஒட்டிக்கொள்கிறது. "அரியர் வச்சவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்ற ஒரு வரி போதும். எழுந்து நின்ற பிள்ளை அப்புறம் அந்த வகுப்பில் சந்தேகம் கேட்க வாய் திறக்காது.

வேலைக்கு ஆள் எடுக்கும் காலத்தில் இன்னும் இரண்டு சொற்கள் வரும். 'ஸ்டாண்டிங் அரியர்' என்பது இன்னும் முடிக்காதது. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்பது முடித்த பிறகும் கேட்கப்படுவது. இரண்டாவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. பாக்கி தீர்ந்தும் பேர் தீரவில்லை.

சரி, தமிழில்? 'நிலுவை' பொருந்தும். நில் என்ற வேரில் பிறந்த சொல். தீராமல் நின்றுபோனது என்று பொருள். வழக்கு நிலுவை, வரி நிலுவை என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தாளை நிலுவைத் தாள் என்றும் தேர்வை நிலுவைத் தேர்வு என்றும் சொல்லலாம். 'அரியர் ஸ்டூடன்ட்' என்பதற்கு மட்டும் தமிழ் தேடவே வேண்டாம்.

ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "மேத்ஸ் த்ரீ நிலுவையில இருக்கே, எந்த யூனிட்ல தடுக்குது?" என்று கேட்டால் பேச்சு கணக்கில் தொடங்கும். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று அது வேறு பக்கம் திரும்பினால், கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் கூடவே அழைத்துப் போகலாம். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.