இலகு டாங்கி: பொய்ப்பெயரில் வளர்ந்த வண்டி

'லைட் டாங்க்' என்பதைப் பலரும் 'இலகு ரக பீரங்கி வண்டி' என்று எழுதுகிறோம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் வந்த வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பலவற்றில் பீரங்கியே கிடையாது! ஜெர்மனியின் பான்சர் 1 வண்டியில் இரண்டு பேர், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், அவ்வளவுதான். 1936-இல் வந்த பிரிட்டனின் மார்க் 6 வண்டியிலும் இயந்திரத் துப்பாக்கிகள்தான். அதன் கவசம் மிகத் தடித்த இடத்திலேயே 14 மில்லிமீட்டர், ஏறக்குறைய சுண்டுவிரல் அகலம்.

சரி, 'டாங்க்' எங்கிருந்து வந்தது? 1915-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் முதல் டாங்கியைக் கட்டியபோது, விஷயம் வெளியே தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். பொய் பெயராகவே ஒட்டிக்கொண்டது. அந்த ஆங்கிலச் சொல்லும் குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் 'டாங்க்கு', 'டாங்க்கே' பக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்கிறார்கள். போர்ச்சுகீசியச் சொல்லும் கலந்திருக்கலாம். நம்மூர் ஏரிகளையும் வெள்ளைக்காரர்கள் 'டாங்க்' என்றுதானே எழுதினார்கள்.

'லைட்' வந்ததற்குக் காசும் ஒரு காரணம். முதல் போருக்குப் பிறகு ராணுவத்துக்குக் கை இறுக்கம். 1925-இல் மார்ட்டல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தன் வீட்டிலேயே ஒற்றை ஆள் வண்டி ஒன்றைக் கட்டிக் காட்டினார். அப்புறம் கார்டன், லாய்டு இருவரும் செய்த வண்டி: ஒன்றரை டன், இரண்டு பேர், மேலே கூரை இல்லை, ஒரு ஆளின் மார்பளவுதான் உயரம். 'டாங்கெட்' என்றார்கள், அதாவது குட்டி டாங்கி. போலந்தும் இத்தாலியும் சோவியத்தும் இதைப் பார்த்துத்தான் தங்கள் வண்டிகளைச் செய்தன.

பொய்ப்பெயர் வழக்கமும் விடவில்லை. முதல் போருக்குப் பிறகு வந்த வெர்சாய் ஒப்பந்தம் டாங்கி வைத்திருப்பதைத் தடுத்ததால், ஜெர்மனி பான்சர் 1-ஐ 'விவசாய டிராக்டர்' என்றது. அமெரிக்காவில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் டாங்கியைக் காலாட்படைக்கு மட்டும் ஒதுக்கியது. அதனால் குதிரைப்படை தன்னுடையதைப் 'போர்க் கார்' என்று அழைத்துக்கொண்டது.

தமிழில் எது சரி? 'பீரங்கி'யே ஐரோப்பியரைக் குறிக்கும் 'ஃபிரங்கி' வழி வந்த இரவல். 'இலகு'வும் வடமொழி 'லகு'தான். ஈழத்தில் 'தாங்கி' என்கிறார்கள். தண்ணீர்த் தாங்கிக்கும் அதே சொல். லிங்கனில் சொன்ன பொய் தமிழிலும் அப்படியே பொருந்துகிறது. என் தேர்வு 'இலகு தாங்கி'.

ஆவடி ராணுவ வாகன ஆய்வகத்தின் பங்களிப்பில் உருவான இந்திய டாங்கி சொராவர் 25 டன். அதுவும் இலகு ரகம்தான். ஆனால் அதில் 105 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு. அதைப் பீரங்கி வண்டி என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.