மொரட்டோரியம்: நிறுத்திவைப்பும் நிலுவையும்

'மொரட்டோரியம்' என்னும் சொல், இலத்தீனில் தாமதத்தைக் குறிக்கும் 'மோரா' என்பதிலிருந்து பிறந்தது. உரோமானியச் சட்டத்தில் 'மோரா' என்பது உரிய நாளில் கடனைத் தீர்க்காதவன் மீது ஏறும் பிழை. அந்தத் தாமதத்தையே சட்டம் சில காலம் பொறுத்துக்கொள்வதுதான் மொரட்டோரியம். நாள் தள்ளிப்போகும்; கடன் தள்ளுபடியாகாது.

நம் வீடுகளுக்குள் இச்சொல் 2020இல், கொரோனாக் காலத்தில், வங்கிக் கடன் வழியாக வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமலிருக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதே மார்ச் 29ஆம் நாள், வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றும், அவர்களையோ மாணவர்களையோ காலிசெய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவோர் மீது பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை வரும் என்றும் மத்திய உள்துறை உத்தரவிட்டது. அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் வந்த வெளியேற்றத் தடையும் வாடகைக் கடனை அப்படியே வைத்திருந்தது; 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை முடித்துவைத்தது.

இங்கே பலர் இதை 'வாடகைத் தள்ளுபடி' என்றே புரிந்துகொண்டார்கள். மதுரையில் ஜூன் 24 அன்று மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, செல்லூரில் எங்கள் தெருவில் மாடி வாடகையை மட்டுமே நம்பியிருந்த ஓர் அம்மாச்சி, குடியிருந்தவரைக் காலிசெய்யச் சொல்லவில்லை. ஆனால் கோடு போட்ட நோட்டில் ஏப்ரல், மே, ஜூன் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நிற்கிறது' என்று குறித்துவைத்தார். கடை திறந்து சம்பளம் வரத் தொடங்கியதும் அந்தக் குடும்பம் மாதம் கொஞ்சமாகக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு வரியாக அடித்தார்.

இனித் தமிழ்ச் சொல். 'ஒத்திவைப்பு' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பிழையில்லை, ஆயினும் மொத்தப் பணம் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் முறையை 'ஒத்தி' என்றே வழங்கும் மதுரையில், வீட்டைப் பற்றிப் பேசும்போது அச்சொல் குழப்பத்தையே தரும். 'தள்ளுபடி' முற்றிலும் தவறு. வீட்டுக்காரருக்கு அது அநீதியும்கூட. எனக்குச் சரியென்று படுவது 'நிறுத்திவைப்பு'. நிறுத்துவதும் நிலுவையும் 'நில்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. வெளியேற்றம் நிற்கிறது என்றால் நடவாமல் நிற்கிறது. வாடகை நிற்கிறது என்றால் தீராமல் நிற்கிறது. குடியிருப்பவரின் கூரையையும் வீட்டுக்காரரின் பாத்தியதையையும் ஒரே வேர்ச்சொல் தாங்குகிறது.

நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இரண்டு மாத வாடகை பாக்கியை வெளியேற்றத்துக்கு உரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே, நோய்க்காலத்தில் அதற்கு விலக்குத் தரும் ஆணையைத் தமிழில் எழுதுவோர் 'வெளியேற்ற நிறுத்திவைப்பு' என்று தலைப்பிட்டு, அடுத்த வரியிலேயே 'வாடகை நிலுவையில் சேரும்' என்றும், அந்த நிலுவையை எத்தனை மாதத் தவணையில் தீர்க்கலாம் என்றும் எழுதவேண்டும்.