கருணைப் பயன்பாடா, பரிவுவழி மருந்தா?

மருத்துவச் செய்திகளில் வரும் ‘கம்பாஷனேட் யூஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் ‘கருணைப் பயன்பாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். படிப்பவருக்கு உடனே கருணைக்கொலை நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் யாரோ இலவசமாக மருந்து தருகிறார்கள் என்று தோன்றும். இரண்டுமே தவறு.

ஒரு மருந்து இன்னும் சோதனையில் இருக்கிறது, கடைக்கு வரவில்லை. நோயாளிக்கு வேறு சிகிச்சை மிச்சமில்லை. சோதனையில் சேரலாம் என்றால் வயதோ வேறு உடல்கோளாறோ குறுக்கே நிற்கிறது. அப்படிப்பட்டவருக்குச் சோதனைக்கு வெளியே அந்த மருந்தைக் கொடுப்பதுதான் இது. மருத்துவர் கேட்க வேண்டும், மருந்து நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அரசு அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் போகும் விண்ணப்பங்களில் 100க்கு 99 அனுமதி பெற்றுவிடுகின்றன. நிறுவனம் மாட்டேன் என்றால் மருந்து கிடைக்காது. சட்டம் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை.

2014 மார்ச்சில் இது அங்கே பெரிய செய்தியானது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் அடினோ வைரஸ் தொற்றிய 7 வயதுச் சிறுவனுக்கு பிரின்சிடோஃபோவிர் என்ற சோதனை மருந்து தேவைப்பட்டது. கிமெரிக்ஸ் நிறுவனம் மறுத்தது. ஒருவருக்குக் கொடுத்தால் கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், தலைக்கு 50,000 டாலர் ஆகும், சோதனையும் தள்ளிப்போகும் என்றது. சமூக ஊடகம் கொதித்தது, தொலைக்காட்சிகள் வந்தன. சில நாளிலேயே 20 பேருக்கான புதிய சோதனை அறிவிக்கப்பட்டு, அவன் முதல் ஆளாகச் சேர்க்கப்பட்டான். பிள்ளைக்கு மருந்து கிடைத்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அவனுக்கு முன்பே கேட்டு மறுக்கப்பட்டவர்கள் பலர். அவர்களுக்காகக் கேமரா வரவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கம்பாஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘கம்’ என்றால் கூட, ‘பாட்டி’ என்றால் துன்புறுதல். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நாம் சொல்லும் ‘பேஷன்ட்’டும் அதே வேரில் பிறந்ததுதான்: துன்புறுபவர். அவரோடு சேர்ந்து துன்புறுவது கம்பாஷன்.

‘கருணை’யை நாம் எங்கே புழங்குகிறோம்? கருணை மனு, கருணை அடிப்படையில் வேலை, கருணைத் தொகை. எல்லாமே மேலே இருப்பவர் பார்த்துக் கீழே இறக்குவது. நோயாளி கையேந்தி நிற்பவர் ஆகிவிடுகிறார். ‘பரிவு’ அப்படி இல்லை. பரிதல் என்றால் அன்புகொள்ளுதல், வருந்துதலும்கூட. அகராதியில் பரிவுக்கு அன்பு, துன்பம் என்ற இரண்டு பொருளும் உண்டு. லத்தீன் சொல்லில் இருப்பதும் இதே கலவைதான். ஆகவே ‘பரிவுவழி மருந்து’ என்பதே என் தேர்வு.

அமெரிக்க விதிகளில் இதன் பெயர் ‘எக்ஸ்பாண்டட் ஆக்சஸ்’. அதை ‘விரிவாக்கப்பட்ட அணுகல்’ என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. ‘சோதனைக்கு வெளியே மருந்து பெறுதல்’ என்று விரித்தே எழுதலாம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து விதிகளில், உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவருக்காக இங்கே அனுமதி பெறாத மருந்தை அரசு மருத்துவமனை இறக்குமதி செய்ய வழி இருக்கிறது. அந்த அனுமதியோடு பணம் வருவதில்லை. அப்புறம் அந்தக் குடும்பம் செய்திக்காரர்களைத் தேடித்தான் ஓடுகிறது. அவர்கள் ‘அதிசய ஊசி’ என்று தலைப்பிடுகிறார்கள். சோதனை முடியாத மருந்தை அதிசயம் என்பது அந்தத் தாய் தகப்பனுக்குச் செய்யும் தீங்கு. ‘சோதனை மருந்து’ என்று எழுதுங்கள். யாரிடம் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், செலவு யாருடையது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.