சரக்கு எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை: சலுகை விலைக் கடைக்காரர்களுக்கு

'எதை எடுத்தாலும் ஒரே விலை' என்று பலகை வைத்த கடைகளுக்கும், சோப்பு, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், பொம்மை என்று எல்லாவற்றையும் குறைந்த விலையில் விற்கும் சிறு கடைகளுக்கும் வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். பலகையில் எழுதிய விலையே இந்தக் கடைகளின் அடையாளம் என்பதால், செலவு கூடியது என்று சொல்லி அதை எளிதில் உயர்த்த முடியாது. சரக்கு எடுக்கும் நாளிலேயே லாபம் தீர்மானமாகிவிடுகிறது. சந்தை நிலவரம் என்றதும் பலர் எந்தப் பொருள் புதிதாக ஓடுகிறது என்பதை மட்டுமே நினைக்கிறார்கள். நான் கணக்கில் பார்க்கும் நஷ்டங்களில் கணிசமானவை, நன்றாக ஓடும் பொருளைத் தவறான வாரத்தில் வாங்கியதால் வருபவை.

இதற்கு 2025 செப்டம்பரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அம்மாதம் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி மன்றம், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள், குடை, சீப்பு போன்றவற்றின் வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைத்தது. பென்சில், ரப்பர், நோட்டுப் புத்தகங்களுக்கு வரியே இல்லை என்றானது. புதிய விகிதங்கள் நடைமுறைக்கு வந்தது 22ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் ஒரு கடைக்காரர் எவ்வளவு சரக்கு எடுத்தார் என்பதுதான் அவருடைய அந்தப் பருவத்தின் கணக்கையே மாற்றியது.

முழுமையான ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், வாங்கும்போது கட்டிய 18 சதவீத வரியை வரவாக எடுத்துக்கொண்டு, விற்கும்போது 5 சதவீதம் கட்டினால் போதும். பணம் சிறிது காலம் முடங்கலாமே தவிர அடி பலமாக இருக்காது. ஆனால் சிறு கடைக்காரர்களில் பலர், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், அல்லது ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் பதிவே செய்யாதவர்கள். அவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாங்கும்போது கட்டிய வரி முழுவதும் சரக்கின் அடக்க விலையில் சேர்ந்துவிடுகிறது. வரி நீங்கலாக 100 ரூபாய் மதிப்புள்ள ஷாம்பு புட்டியை 21ஆம் தேதி வாங்கியவருக்கு அடக்கம் 118 ரூபாய். அதே மூல விலையில் மறுநாள் வாங்கிய பக்கத்துக் கடைக்காரருக்கு 105 ரூபாய். 50,000 ரூபாய் மூல மதிப்புள்ள இருப்பில் இந்த வித்தியாசம் 6,500 ரூபாய். சலுகை விலைக் கடைக்கு இது சிறு தொகை அல்ல. ஆகவே, அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே மொத்த வியாபாரி வழக்கத்துக்கு மாறான தள்ளுபடியுடன் சரக்கைத் தள்ள முன்வந்தால், அந்தத் தள்ளுபடி வரிக் குறைப்பைவிட அதிகமா என்று முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

குறையாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி, குடம், டப்பா ஆகியவற்றுக்கு 18 சதவீத வரி அப்படியே தொடர்ந்தது. செய்தியைக் கேட்டுவிட்டு வாளிக்கும் விலை குறையும் என்று வரும் வாடிக்கையாளரிடம், இதற்கு வரி மாறவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த கடைக்காரர் மீது நம்பிக்கை வளர்கிறது. வாளியின் விலையை அறிய விரும்புபவர் கவனிக்க வேண்டியது கச்சா எண்ணெயை. பாலிபுரோப்பிலீன் போன்ற மூலப்பொருள்கள் அதிலிருந்தே வருவதால், எண்ணெய் விலையில் நீடித்த ஏற்றம் சில வாரங்கள் கழித்து வாளியிலும் வந்து சேரும்.

வரியைவிடக் கடுமையானவை தடைகளும் தரக் கட்டாயங்களும். இவற்றில் முழு இருப்பையும் இழக்க நேரிடலாம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மை போன்றவற்றை அதற்கான உரிமம் உள்ளவர்கள் செய்து விற்பதற்கும் மட்டும் விலக்கு உண்டு. முத்திரையில்லாத பொம்மையைத் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்பவரும் இருப்பு வைத்திருப்பவரும் சட்டத்தின் பிடியில் வருவர். ஐஎஸ்ஐ முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கான (பிஐஎஸ்) சட்டப்படி முதல் முறைக்கே குறைந்தபட்ச அபராதம் 2 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. பாரிமுனையின் காசிச்செட்டித் தெருவிலோ டெல்லி சதர் பஜாரிலோ மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை கட்டுவதற்கு முன், முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். இதேபோல் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூனில் தடை செய்யப்பட்டது. கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழில் நீண்ட நாள் முன்வைத்த கோரிக்கை அது. அந்தப் பகுதிச் செய்திகளைப் படித்துவந்தவர்களுக்கு அந்தத் தடை எதிர்பாராததாக இருந்திருக்காது.

இவற்றையெல்லாம் வாட்ஸ்அப்பில் பரவும் படங்களை நம்பித் தெரிந்துகொள்வது ஆபத்து. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் வெளியிடும் அறிக்கைகளை வாரம் ஒருமுறை பார்ப்பதும், சந்தேகம் வந்தால் ஆலோசகரிடம் பொருளின் ஹெச்எஸ்என் எண்ணை, அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, சொல்லிக் கேட்பதும் பாதுகாப்பானவை. மாதந்தோறும் வெளியாகும் நாட்டின் பணவீக்க விகிதம், என் கணிப்பில், ஒரு தெருக்கடைக்காரரின் கொள்முதல் முடிவுக்குப் பெரிதாக உதவுவதில்லை.

உதவுவது அவருடைய சொந்த விற்பனைக் குறிப்பு. வட்டாரத்தில் சம்பளம் வரும் நாள், வாரச்சந்தை கூடும் நாள், மகளிர் உரிமைத் தொகையாக 1,000 ரூபாய் கணக்கில் ஏறும் மாத நடுப்பகுதி, தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் தாம்பூலப் பைக்கான சிறு டப்பாக்களின் தேவை ஆகியவை எந்த அரசு அறிக்கையிலும் ஒரு தெருவின் அளவுக்கு வராது. அதிகம் ஓடும் இருபது பொருள்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலை, விற்ற எண்ணிக்கை, மீஷோ போன்ற இணையச் சந்தைகளில் அதே பொருளின் விலை ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு நோட்டில் எழுதி வருமாறு என்னிடம் வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இணைய விலை தன் அடக்கத்துக்கும் கீழே போய்விட்ட பொருளை இருப்பு தீரும் வரை விற்றுவிட்டு, அந்த அலமாரியை உடனே கையில் வேண்டியிருப்பதால் இணையத்தில் வாங்கக் காத்திருக்க முடியாத பொருள்களுக்கு, அதாவது துடைப்பம், வடிகட்டி, துணி மாட்டும் கிளிப், மெழுகுவத்தி போன்றவற்றுக்கு, ஒதுக்கிவிடலாம்.