டெர்மினஸ்: எல்லைக்கல்லிலிருந்து முனையம் வரை

‘டெர்மினஸ்’ லத்தீன் சொல். எல்லை, எல்லைக்கல் என்பதே அதன் முதற்பொருள். அந்தக் கல்லை ரோமானியர்கள் டெர்மினஸ் என்ற தெய்வமாகவே வணங்கினார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 23 அன்று அண்டை நிலத்துக்காரர்கள் அதற்கு மாலை சூட்டிப் படையலிட்டார்கள். ரயில் வந்தபின் ஆங்கிலம் இச்சொல்லைப் பாதை முடியும் நிலையத்துக்கு வைத்துக்கொண்டது.

லண்டனில் அந்தப் பழம்பொருள் அப்படியே பலித்தது. 1837இல் திறந்த யூஸ்டன் நிலையம் அன்றைய நகரின் வடக்கு விளிம்பில் நின்றது. நகர மையத்துக்குள் தண்டவாளம் நுழையக் கூடாது என்று 1846இல் ஓர் அரச ஆணையம் பரிந்துரைத்தது. அதன் பிறகு வந்த கிங்ஸ் கிராஸ் (1852), செயின்ட் பாங்க்ராஸ் (1868) இரண்டும் யூஸ்டனை அடுத்து, அதே சாலையை ஒட்டியே எழுந்தன. நிலையங்களே எல்லைக்கற்கள் ஆயின.

வந்திறங்கிய கூட்டம் மையத்துக்குப் போகக் குதிரை வண்டிகளை நாடியது, தெருக்கள் திணறின. 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதற்கு இந்த நெரிசலே முக்கியக் காரணம்.

செயின்ட் பாங்க்ராஸின் அடித்தளத்தைத் தனியே சொல்ல வேண்டும். தண்டவாளம் ஒரு கால்வாய்க்கு மேலாகத் தாண்டி வந்ததால் நடைமேடைகள் தெருமட்டத்துக்கு மேலே அமைந்தன. கீழே கிடைத்த இடம் பர்ட்டன் ஊர் பீருக்குக் கிடங்கானது. தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பீப்பாய்களின் அளவை வைத்தே கணக்கிட்டார்கள். இந்த நிலையத்துக்காக ஏகர் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பு தரைமட்டமானது. கட்டடத்தின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த மக்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் (1874) நகரை வேறு வகையில் வளர்த்தது. வீடுகளை இடித்ததற்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு மலிவுக் கட்டண ரயில் விடும்படி நாடாளுமன்றம் நிபந்தனை விதித்தது. வால்தம்ஸ்டோவும் எட்மன்டனும் தொழிலாளர் புறநகர்களாகப் பெருகின.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எல்லை நிலையம்’ என்றால் நாட்டின் எல்லை என்று நினைக்கத் தோன்றும். ‘கடைசி நிலையம்’ பயணத்தின் முடிவை மட்டுமே சொல்கிறது. முனை என்பதற்கு நுனி என்று பொருள். அதிலிருந்து அமைந்த ‘முனையம்’ தண்டவாளத்தின் நுனியைச் சரியாகக் காட்டுகிறது. பல பாதைகள் கூடும் ஜங்ஷனுக்குச் ‘சந்திப்பு’ இருக்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது. விமான நிலைய டெர்மினலையும் முனையம் என்றே எழுதுகிறோம். டெர்மினஸ், டெர்மினல் இரண்டுக்கும் வேர் ஒன்றே.